எக்காளத்தம்மா கைவிடப்பட்ட மதியம்

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக் கூடம் தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று தெரிய வேண்டுமானால், மேலிருந்து வருகிறவர்களின் செருப்பைத்தான் பார்க்க வேண்டும். மாடிகளின் அழுக்குத் துணியெல்லாம் ஒரு அகலமான தகரக் குழாய் வழியாக மூட்டை மூட்டையாக வந்து தொப்பென்று விழும். யாருடைய ரத்தம், யாருடைய வாந்தி என்ற கேள்விமுறை கிடையாது. அங்கே பாதி ஆயுளைக் கழித்தவள்தான் எக்காளத்தம்மா.

அந்தப் பெயரை வைத்தவர் ஆம்புலன்ஸ் டிரைவர். காரணம் இல்லாமல் வைக்கவில்லை. கடைசிக் காலத்தில் வானத்தில் எக்காளம் ஊதும், ஆண்டவர் வருவார், தம்முடையவர்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். அவளுடைய சபையில் இதற்கு 'வருகை' என்று பெயர். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லாமல் விடமாட்டாள். லிஃப்டில் சிக்கியவனிடம் சொல்வாள், சம்பளம் வாங்க வரிசையில் நிற்பவனிடம் சொல்வாள். டிரைவர் அவளைக் கண்டாலே வாயால் 'பாம்' என்று ஹாரன் அடித்து, "எக்காளத்தம்மா, வண்டி ரெடியா?" என்பார்.

அவளுக்குத் தீர்க்கதரிசனம் பிடித்துப் போனதற்கு ஒரு கதை உண்டு. புருஷன் ஒரு நாள் காலையில் கட்டட வேலைக்குப் போனவன். சாரம் சரிந்து பிணமாக வந்தான். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, அவசரம். துன்பம் வந்ததைவிட அது சொல்லாமல் வந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அப்புறம் யாரோ கையில் கொடுத்த வேதத்தில், நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிற ஒருவரைக் கண்டாள். அன்றிலிருந்து பிடித்த பிடியை விடவில்லை. அவள் வேதப் புத்தகத்தில் தீர்க்கதரிசனம் வருகிற தாளெல்லாம் விரல் பட்டுக் கறுத்திருக்கும். ஆனால் கறுத்ததெல்லாம் பஞ்சம், கொள்ளைநோய், மிருகம், இருள் என்று வருகிற பக்கங்கள். மற்றவை கடையில் வாங்கின மாதிரியே இருந்தன.

அந்த வருஷமோ கெட்ட வருஷம். முதலில் காய்ச்சல் வந்து பாதி ஊரைப் படுக்கையில் தள்ளியது. அது அடங்குவதற்குள் எல்லையில் சண்டை என்றார்கள். கடைகளில் பொருள் இல்லை, ராத்திரிகளில் விளக்கு இல்லை. ஒவ்வொரு கெட்ட செய்திக்கும் எக்காளத்தம்மாவிடம் ஒரு வசனம் தயாராக இருந்தது. கேட்டவர்கள் பயந்தார்கள், பயப்படட்டும், அப்போதுதான் திருந்துவார்கள் என்பது அவள் கட்சி.

அவளுக்கு இன்னொரு கட்சியும் உண்டு. ஜெபத்தில் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லமாட்டாள். ராஜாவிடம் பேசிக்கொண்டிருக்கிறவன் வாசலில் நிற்பவனைத் திரும்பிப் பார்ப்பானா? மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அம்மா" என்பாள். பதில் வராது. கூடத்தில் தேடுவாள், சமையலறையில் தேடுவாள், பின்கட்டில் போய்ப் பார்ப்பாள். கடைசியில் உள்ளறைக் கதவைத் தட்டோ தட்டென்று தட்டுவாள். உள்ளே அம்மா முழங்காலில் இருப்பாள். கேட்கும், கேட்காமல் என்ன. ஆமென் சொல்லிக் கதவைத் திறந்தால், பிள்ளை புத்தகப் பையை இறக்காமல் தரையில் உட்கார்ந்திருக்கும், முகம் வெளிறி. "என்னை விட்டு ஒரு நிமிஷம் இருக்காது, அவ்வளவு பாசம்" என்று சபையில் பெருமை அடித்துக்கொள்வாள்.

பிள்ளை வளர்ந்து, அதே ஆஸ்பத்திரியில் மருந்து ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தது. சபைக்கு வருவதை நிறுத்திவிட்டது. ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது வாசலிலேயே நின்று "அம்மா" என்று கூப்பிடுகிற பழக்கம் மட்டும் விடவில்லை.

அன்று காலை அந்த மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "வேற ஊர் ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கும்மா. அடுத்த வாரம் போறேன்."

"இங்க உனக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணுமில்ல. இந்த வீட்டுல எனக்குப் பயமா இருக்கு."

"பயமா? எதுக்குடி பயம்? பேய் பிசாசா இருக்கு?"

"சொன்னா உனக்குப் புரியாதும்மா."

எக்காளத்தம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தால் நாக்குக்கு எலும்பில்லை. "போ. எங்க வேணா போ. ஆனா அந்த நாள் வரும்போது அம்மா எங்கன்னு தேடாத. நான் இருக்கமாட்டேன். உன்ன விட்டுட்டுப் போயிருப்பேன்."

மகள் வாசலில் நின்றாள். சண்டைக்கு வரவில்லை. "அது எனக்குத் தெரியும்மா. எட்டு வயசுலேருந்து தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

காலை முழுக்க அந்த வார்த்தை எக்காளத்தம்மாவை விடவில்லை. ஒரே பிள்ளை. போய்விட்டால் அந்த வீட்டில் யாருக்கு விளக்குப் போடுவது? மதிய ஜெபம் முடிந்ததும் மேலே போய் அவள் கையைக் காலைப் பிடித்தாவது நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு கட்டினாள். துவைக்கும் மெஷின்களை ஓட விட்டாள். மடித்த துணி அடுக்குகிற அறைக்குள் போய், வழக்கம்போல உள்தாழ்ப்பாள் போட்டு, முழங்காலில் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு இடிபட்டது. "யம்மா! வெளிய வா! உள்ள இருக்கியா? சீக்கிரம் வா!"

சூப்பர்வைசர் குரல். அந்த ஆள் இதற்கு முன்பும் ஒரு தடவை அவள் ஜெபிக்கும்போது கதவை இடித்து, "வருகை வந்துடுச்சு, மூட்டையைக் கட்டு!" என்று கத்தி எல்லாரையும் சிரிக்க வைத்தவர். அவள் கண்ணைத் திறக்கவில்லை. கதவு இன்னும் இரண்டு தரம் இடிபட்டது. பிறகு காலடிகள் ஓடின. படிக்கட்டில் ஏறி, தேய்ந்து, நின்றுபோயின.

அப்புறம் மெஷின்கள் நின்றன.

அந்தச் சத்தம் இல்லாமல் அந்தக் கூடத்தை அவள் கேட்டதே இல்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு வரும். வரவில்லை. மகளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததை முடித்து, ஆமென் சொல்லி, தாழ்ப்பாளை நீக்கி வெளியே வந்தாள்.

கதவு மேலிருந்த சின்ன பேட்டரி விளக்கு மட்டும் எரிந்தது. மெஷின்களுக்குள் துணி பாதி நுரையோடு அசையாமல் கிடந்தது. தள்ளுவண்டி ஒன்று வழியின் நடுவில் கோணலாக நின்றது. சூப்பர்வைசர் மேஜையில் பாதி குடித்த டீ. தொட்டுப் பார்த்தாள், சூடு ஆறவில்லை. துணிக் குழாயின் வாயில் தலையை நீட்டி, "மேல யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டாள். குரல் மேலே மேலே போயிற்று. எங்கும் முட்டித் திரும்பவில்லை. அவள் தலையை எடுத்த பிறகு குழாய்க்குள் ஏதோ உரசியது. ஒரே ஒரு குழந்தைத் துணி, எங்கோ சிக்கிக்கிடந்தது, மெல்ல வழுக்கி வந்து அவள் காலடியில் விழுந்தது.

அவள் படியேறினாள்.

தரைத் தளத்துத் தாழ்வாரத்தில் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. ஈ காக்கை இல்லை. தண்ணீர்க் குழாய் ஒன்று மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாற்காலிக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை, ஒரு கையைச் சுற்றியிருந்த வளைவு மாறாமல் தொங்கியது. பெண்கள் வார்டில், அவள் துவைத்த போர்வைகள் பாதி விலகிக் கிடந்தன. ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழேயும் செருப்புகள் ஜோடி ஜோடியாக இருந்தன. கண்ணாடி வழியே தெரு தெரிந்தது. பஸ் ஒன்று கதவு திறந்து நின்றது. உள்ளே ஆள் இல்லை. நட்டநடு மதியம், நல்ல வெயில், தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி ஏறியது. மூத்திரத் துணியும் சலவைத் தூளுமாகக் காலம் தள்ளியவள்; அவள் மூக்குக்கு எந்த நெடியும் ஒரு பொருட்டில்லை. அவள் மனம் வேறிடத்தில் இருந்தது. எக்காளம் ஊதிவிட்டது. சந்தேகமே இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் என்று எழுதியிருக்கிறது, டீ ஆறவில்லை.

எல்லாரும் போய்விட்டார்கள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை பேசுகிற சூப்பர்வைசர் போய்விட்டார். குடித்துவிட்டுக் கேட்டில் தூங்குகிற வாட்ச்மேன் போய்விட்டார். கடவுளே கிடையாது என்று சாதித்த டாக்டரம்மா போய்விட்டார். அவள் இருக்கிறாள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அந்தத் தாழ்வாரத்தில், ஓடுகிற குழாயின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியாக நின்றிருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

மருந்து ஸ்டோருக்கு ஓடினாள். அங்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் மகளின் நீல வார்ச் செருப்பு இருந்தது, அறுந்த வாரைப் போன மாதம் இவளே தைத்து வாங்கியது. உள்ளே நாற்காலியில் பை, மேஜையில் மூக்குக்கண்ணாடி. மகள் இல்லை.

அப்போது அவள் நெஞ்சில் முதலில் வந்தது பயமில்லை. சத்தியமாகச் சந்தோஷம். 'போயிட்டா. சபைக்கு வராட்டியும் என்ன, எம்பிள்ளைய எடுத்துக்கிட்டாரு. ஸ்தோத்திரம்.' அந்தச் செருப்பை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் தான் மட்டும் கைவிடப்பட்டது உறைத்தது.

"பாப்பா!" என்று கூப்பிட்டாள். பதில் வராது என்று தெரிந்தும் கூப்பிட்டாள். எக்ஸ்ரே அறையில் பார்த்தாள், ஊசி போடுகிற அறையில் பார்த்தாள், சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தாள். "பாப்பா! பாப்பா!" பூட்டியிருந்த ஒரு கதவைத் தட்டோ தட்டென்று தட்டினாள். தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

கூடம், சமையலறை, பின்கட்டு, உள்ளறைக் கதவு. எட்டு வயசுலேருந்து தெரியும்.

பாசம் இல்லை அது. பயம். ஒவ்வொரு சாயங்காலமும் அந்தப் பிள்ளை வீட்டுக்குள் நுழைந்து, அம்மா போய்விட்டாள், நான் கைவிடப்பட்டேன் என்று இப்படித்தான் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறது. கதவுக்கு உள்ளே அதைக் கேட்டுக்கொண்டே இவள் சும்மா இருந்திருக்கிறாள், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. எக்காளத்தம்மா கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். சொல்லாமல் போன புருஷனை அத்தனை வருஷம் மன்னிக்காதவள் அவள்.

டங்.

மேலே எங்கோ ஒரு சத்தம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டங். டங். இரும்பில் இரும்பு.

எல்லாரும் எடுக்கப்பட்ட பிறகு மிஞ்சியிருப்பது யாராக இருக்கும்? அவள் படித்த பக்கங்களில் நல்லவிதமாக யாரும் இல்லை. ஆனாலும் தட்டுகிற ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் இருக்க அன்றைக்கு அவளால் ஆகவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடியேறினாள்.

சத்தம் மாவுக்கட்டு அறையிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தாள். தொடையிலிருந்து பாதம் வரை கட்டுப் போட்ட ஒரு கால் கயிற்றில் தூக்கிக் கட்டியிருந்தது. அதன் மறுமுனையில் ஆம்புலன்ஸ் டிரைவர், கையில் டிரேயும் கத்தரிக்கோலுமாக. போன வாரம்தான் வண்டியோடு பள்ளத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டவர்.

"யம்மா, நீயா!" அவர் குரல் உடைந்தது. "ஊசி போட்டாங்க, தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா ஒருத்தனும் இல்ல. கத்திக் கத்தித் தொண்டை போச்சு. என்ன ஆச்சு?"

"உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா அண்ணே?"

"தூக்கத்துல ஏதோ நீளமா ஊதுன மாதிரி இருந்துச்சு. ஏன்?"

அவள் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்த டிரைவருக்குப் புரிந்துவிட்டது. ஹாரன் அடித்த வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது.

"அதுவா?"

"எல்லாரும் போயிட்டாங்கண்ணே. செருப்பெல்லாம் கிடக்கு."

"நான் போகாதது சரி. நீ எப்படிம்மா இங்க?"

ஜன்னல் இடுக்கு வழியாக நெடி ஏறிக்கொண்டிருந்தது. இருவர் கண்ணிலும் எரிந்து எரிந்து நீர் வழிந்தது. எழுந்து, ஒரு போர்வையைத் தண்ணீரில் நனைத்து ஜன்னல் இடுக்கில் திணித்தாள். ஒரு துண்டைக் கிழித்து நனைத்து அவர் மூக்கைச் சுற்றிக் கட்டினாள். துணியைக் கையில் எடுத்ததும் நடுக்கம் கொஞ்சம் நின்றது.

"நீதான் எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சவளாச்சே" என்றார் டிரைவர். "இனிமே என்ன நடக்கும்?"

நடக்கப்போவது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சூரியன் கறுக்கும், தண்ணீர் கசக்கும், வெட்டுக்கிளிகள் வரும். வாயைத் திறந்தாள். அந்த ஆள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மாதிரி. அவளால் சொல்ல முடியவில்லை.

"பயங்கரமா ஒண்ணும் சொல்லாதம்மா. அதெல்லாம் முடிஞ்சு கடைசியில என்ன ஆகும், அத மட்டும் சொல்லு."

கடைசி. கடைசிப் பக்கம். அவள் விரல் படாத பக்கம். எப்போதோ ஒரு தடவை வாசித்ததை நினைவின் அடியிலிருந்து துழாவி எடுத்தாள்.

"கடைசியில ஒரு ஊர் வரும்ணே. வானத்துலேருந்து இறங்கி வரும். அதுக்குக் கதவு உண்டு, ஆனா சாத்தவே மாட்டாங்க. ராத்திரியே கிடையாது. சாவு கிடையாது, அழுகை கிடையாது, வலி கிடையாது."

"கால் வலிகூடவா?"

"எந்த வலியும். அழுதுக்கிட்டு வர்றவங்க கண்ணீர ஆண்டவரே துடைச்சிடுவாரு."

"அவரேவா? ஆள் அனுப்பாமலா?"

"ஆள் அனுப்பாம. அவரே."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் ஈரத் துணியால் அவர் கண்ணை ஒற்றி எடுத்தாள். ஆள் அனுப்பாமல் அவரே என்று சொன்னவள், அதைத் தானே அப்போதுதான் கேட்டாள். நெருப்பைக் கடந்து போனாலும் கூட இருப்பேன் என்று ஒரு தீர்க்கதரிசி எழுதிவைத்திருந்ததும், பெற்றவளே பிள்ளையை மறந்தாலும் நான் மறக்கமாட்டேன் என்று எழுதிவைத்திருந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பெற்றவளே என்ற இடத்தில் நெஞ்சு சுட்டது. கைவிடப்பட்டவர்களுக்காகத்தானே இதெல்லாம் எழுதியிருக்கிறது? பயமுறுத்துவதற்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் இருக்கிறேன் என்று இருட்டுக்குள் குரல் கொடுத்திருக்கிறார். இத்தனை வருஷம் படித்தும் இது மண்டையில் ஏறவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"ஜெபம் பண்ணும்மா" என்றார் டிரைவர். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டிருப்பார்.

அவள் முழங்காலில் நின்று கண்ணை மூடினாள். "ஆண்டவரே, நாங்க ரெண்டு பேரும் இங்க இருக்கோம். எங்கள விட்டுட்டுப் போனாலும்..."

"அம்மா!"

எங்கோ கீழே. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. டிரைவரின் கை அவள் தோளை இறுக்கிப் பிடித்தது. "அம்மா!" சலவைக் கூடத்தில் கூப்பிட்ட குரல் துணிக் குழாய் வழியாக மாடிக்கு ஏறி வந்தது. வாசலில் நின்று கூப்பிடுகிற அதே குரல், அதே நடுக்கம். ஆனால் மகள்தான் போய்விட்டாளே. அவளைப் போலக் கூப்பிடுவது எதுவென்று யாருக்குத் தெரியும்? ஜெபம் வேறு பாதியில் நிற்கிறது.

"அம்மா!"

எதுவாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். ராஜாவைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு எழுந்தாள். தாழ்வாரத்தில் இருந்த துணிக் குழாய் வாயின் மூடியைத் தூக்கி, உயிரையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

"இருக்கேன்டி! பாப்பா! அம்மா இங்க இருக்கேன்! மாடியில இருக்கேன்!"

கீழே குரல் நின்றது. பிறகு படிகளில் வெறுங்கால்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டது. மூக்கில் முகமூடியும், பின்னால் இரண்டு தீயணைப்புக்காரர்களுமாக மகள் வந்தாள். பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் குழாய் வெடித்து விஷவாயு, சங்கு ஊதி ஊரையே காலி பண்ணச் சொல்லி, கரண்டையும் நிறுத்திவிட்டார்கள், கீழே யாரும் இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், தடுத்தவர்களைத் தள்ளிவிட்டு வந்தேன் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். சொல்லிக்கொண்டே அம்மாவின் இடுப்பில் செருகியிருந்த தன் செருப்பைப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். அதைப் புரிந்துகொள்ள அவளைத் தவிர வேறு ஆள் ஏது?

"போயிட்டேன்னு நினைச்சியாம்மா?"

"நினைச்சேன்டி. வீடு வீடா... அறை அறையாத் தேடினேன்."

"நான் எத்தனை தடவை தேடியிருக்கேன். ஒரு தடவையாவது..." மகள் அம்மாவின் தோளில் கையால் அடித்தாள், சின்னப் பிள்ளை அடிக்கிற மாதிரி. எக்காளத்தம்மா வாங்கிக்கொண்டாள். கொடுத்ததற்கு அது ரொம்பக் குறைச்சல்.

அவசரத்தில் எல்லாரும் மறந்துபோன டிரைவரைப் போர்வையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். காற்று திசை மாறி, சாயங்காலம் ஊர் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

மகள் அடுத்த வாரமே புது வேலைக்குப் போனாள். எக்காளத்தம்மா தடுக்கவில்லை, கையைக் காலைப் பிடிக்கவும் இல்லை. செருப்பைத் துடைத்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். அவள் இன்றைக்கும் சலவைக் கூடத்தில்தான் இருக்கிறாள், தீர்க்கதரிசனமும் விட்டபாடில்லை. காலம் இன்னும் கெட்டுத்தான் கிடக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறாள். பயந்தவர்கள் இரண்டொருவர் துணி போடுகிற சாக்கில் வந்து, அந்தக் கதவு சாத்தாத ஊரைப் பற்றி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

சாயங்காலம் வீட்டில் முழங்காலில் நிற்கும்போது போன் அடிக்கும். தெரிந்தே அந்த நேரம் பார்த்து அடிக்கிறாளோ என்னவோ. எக்காளத்தம்மா ஜெபத்தை அப்படியே நிறுத்திவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவாள். ஆண்டவர் காத்திருப்பார், அவருக்கு அது பழக்கம்தான்.

"அம்மா?"

"இருக்கேன்டி" என்பாள்.